ராத்திரியில் மாறிய போனும் ஏழு நாள் பால் கணக்கும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோடு மாவட்டத்தில் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்து கிராமம் ஒன்றில், தனியார் நிறுவனத்துக்குப் பால் வாங்கிக் கொடுக்கும் சென்டர் இருக்கிறது. நடத்துபவர் ஒரு பெண். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அந்தப் பக்கத்துச் சிறு கடைகளுக்குக் கம்ப்யூட்டர், பில் பிரிண்டர் வேலைகள் பார்ப்பது என் தொழில். ராத்திரியில் அக்காவின் போனில் ஒரு ஆண்ட்ராய்டு அப்டேட் ஏறி, மறுநாள் பால் கணக்கு ஆப் திறக்காமல் போனதுதான் சம்பவம். அப்டேட்டுக்குப் பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப நமக்கு உரிமை வேண்டுமா என்ற கேள்வி அதிலிருந்துதான் வந்தது. நடந்தது 2020 ஜூலையில், கொரோனா ஊரடங்கின் நடுவில்.

சென்டரில் 62 பேர் பால் ஊற்றினார்கள். காலை ஐந்தரை மணிக்கு ஒருமுறை, சாயங்காலம் நாலரைக்கு ஒருமுறை. ஒவ்வொருவர் பாலும் அளக்கப்படும், ஒரு துளி சோதனை மெஷினுக்குப் போகும், கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எவ்வளவு என்று மெஷின் காட்டும். அக்கா அவற்றைப் போனில் தட்டுவார். அதிலுள்ள ஆப் விலை போட்டு, ப்ளூடூத் வழியாகக் கையடக்கத் தெர்மல் பிரிண்டருக்கு அனுப்பும். இரண்டு அங்குலச் சீட்டு வரும், ஊற்றியவர் வாங்கிக்கொண்டு போவார். பத்து நாளைக்கு ஒருமுறை பில். 1 முதல் 10, 11 முதல் 20, 21 முதல் மாதக் கடைசி வரை.

அந்த ஆப் ப்ளே ஸ்டோரில் கிடைப்பதல்ல. கோயம்புத்தூரில் தனியாளாக வேலை செய்த ஒருவர் எழுதி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனில் ஏற்றிக் கொடுத்தது. ஒரு போனுக்கு வாங்கிப் பத்துப் பேருக்குக் கொடுத்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணோடு லைசென்ஸைக் கட்டி வைத்திருந்தார். ஆப் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எண்ணைக் கேட்கும், சரியாக இருந்தால்தான் உள்ளே விடும். ஒன்றரை வருஷம் எந்தப் பிரச்சினையும் இல்லை. அப்படி ஒரு பூட்டு இருக்கிறது என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

கணக்கு முழுக்க அந்தப் போனுக்குள்தான். ‘பேக்கப்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதைக் கடைசியாக அழுத்தியது மார்ச் மாதம். அதே போனில்தான் அக்காவின் வங்கி ஆப்பும் இருந்தது. இது பிற்பாடு எடுத்த முடிவு ஒன்றுக்கு முக்கியமாகிறது.

அப்டேட் வந்த விதம்

போன் 2019 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 9-உடன் வாங்கியது. ஆண்ட்ராய்டு 10 வெளியானது 2019 செப்டம்பரில். தயாரிப்பாளர் அதைத் தன் போன்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றி அனுப்ப மாதங்கள் ஆனதால், இந்த மாடலுக்கு 2020 ஜூலையில்தான் வந்தது.

‘வைஃபை இருந்தால் மட்டும் பதிவிறக்கு’ என்றுதான் அமைப்பு இருந்தது. வீட்டில் வைஃபை கிடையாது, அதனால் அப்டேட் வராது என்று நாங்கள் நம்பியிருந்தோம். ஆனால் அக்காவின் பையனுக்கு ஆன்லைன் வகுப்பு. அவன் தன் போனில் ஹாட்ஸ்பாட் போடுவான், அக்காவின் போன் பழக்கப்பட்ட கன்றுக்குட்டி மாதிரி அதில் போய் ஒட்டிக்கொள்ளும். போனைப் பொறுத்தவரை ஹாட்ஸ்பாட்டும் வைஃபைதான். பையனின் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டாவை இரண்டு நாளாக அது குடித்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை வகுப்பு பாதியில் அறுந்தது என்று பையன் சொன்னதை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

வெள்ளி சாயங்காலம், பால் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்திருக்கிறது. ‘இன்று இரவு நிறுவு’, ‘பிறகு நினைவூட்டு’ என்று இரண்டே பொத்தான்கள். வரிசையில் ஆள் நிற்கிறது, கட்டம் சீட்டுப் போடும் இடத்தை மறைக்கிறது. அக்கா ஏதோ ஒன்றை அழுத்தினார். எதை என்று அவருக்கு நினைவில்லை. அனுமதி கேட்கப்பட்டதா என்று யாராவது கேட்டால், கேட்கப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ‘வேண்டாம்’ என்று ஒரு பொத்தான் அதில் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை, ஜூலை 18

ஐந்து ஐம்பதுக்கு எனக்குப் போன் வந்தது, பையன் எண்ணிலிருந்து.

“தம்பி, இந்த போனு பதிவு ஆகலைன்னு வருதுங்க. ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப ஆளே மாறிப்போன மாதிரி இருக்குது.”

நான் தூக்கக் கலக்கத்தில், வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். “ஆப்பை எடுத்துட்டு மறுபடி ஏத்திப் பாருங்க அக்கா.”

“அழிச்சா உள்ள இருக்கிற கணக்கு எங்க போகும்?”

எனக்குச் சட்டென்று விழிப்பு வந்தது. இந்த நிகழ்வில் நான் செய்த பெரிய தவறு அதுதான். 11-ஆம் தேதி காலையிலிருந்து 17 சாயங்காலம் வரை, 14 வேளைக் கணக்கு அந்த ஆப்புக்குள் இருந்தது. அக்கா என் பேச்சைக் கேட்டு அழித்திருந்தால் இந்த ஆய்வை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது, கணக்கும் இருந்திருக்காது. எதையும் அழிக்க வேண்டாம், ஆப்பின் அமைப்பில் எதையும் தொட வேண்டாம், போனை ஓரமாக வையுங்கள் என்று மாற்றிச் சொன்னேன்.

அன்று காலை நோட்டில் எழுதினார்கள். சுவரில் மாட்டியிருந்த விலை அட்டையில் கொழுப்பு ஒரு பக்கம், எஸ்என்எஃப் இன்னொரு பக்கம், குறுக்கே ஸ்கேல் வைத்து விலை பார்த்து, பெருக்கி, கையெழுத்துச் சீட்டு. முகக்கவசம் போட்டுக்கொண்டு, சுண்ணாம்பு வட்டத்தில் நின்றுகொண்டு, ஏழரைக்கு முடிய வேண்டியது எட்டே காலுக்கு முடிந்தது. பால் ஏற்றும் டெம்போக்காரர் அரை மணி நேரம் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றார்.

என்ன நடந்தது என்று கண்டுபிடித்தது

ஒன்பது மணிக்கு நேரில் போனேன். அமைப்பில் ஆண்ட்ராய்டு 10 என்று இருந்தது. காரணம் அங்கேயே புரிந்தது. ஆண்ட்ராய்டு 10-இல் சாதாரண ஆப்கள் ஐஎம்இஐ எண்ணைப் படிக்க முடியாதபடி மூடிவிட்டார்கள். பழைய முறையில் எழுதிய ஆப் கேட்டால் வெறும் காலி பதில் வரும். ஆப் அந்தக் காலியை வைத்துப் பார்த்து, இது நான் அறிந்த போன் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டது. அக்கா சொன்ன ‘ஆள் மாறிப்போன மாதிரி’ என்பது ஒரு வகையில் அப்படியே சரி.

இதில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மாற்றம் தப்பான மாற்றம் அல்ல. ஐஎம்இஐ என்பது போனோடு பிறந்த எண், போனை முழுசாக அழித்தாலும் மாறாது. டார்ச் ஆப்பும் விளையாட்டு ஆப்பும் அதை எடுத்து ஆளைப் பின்தொடர்வதை நிறுத்தத்தான் மூடினார்கள். போனின் சொந்தக்காரர் என்ற முறையில் அக்காவுக்கு அந்த அப்டேட் நல்லது. சென்டர் நடத்துபவர் என்ற முறையில் அது அவர் கடையைப் பூட்டியது. ஒரே ஆளுக்கு ஒரே ராத்திரியில் இரண்டும் நடந்தது.

கோயம்புத்தூர்க்காரரின் எண் அணைந்திருந்தது. நேரில் தேடிப் போகலாமென்றால் மாவட்டம் விட்டு மாவட்டம் போக அப்போது இ-பாஸ் வேண்டும். போன் ஆப்புக்காக பாஸ் கேட்டால் யார் தருவார்கள்.

முதல் முடிவு: பழைய பதிப்புக்குப் போவதா?

கோபியில் ஒரு சர்வீஸ் கடையில் விசாரித்தோம். “பழைய வெர்ஷன் ஏத்திடலாம், 600 ரூபாய், ஒரு மணி நேரம்” என்றார். அக்கா உடனே சரி என்றார். நான் தடுத்தேன். இந்த இடத்தில்தான் அதிக நேரம் பேசினோம், அதனால் காரணத்தை விரித்து எழுதுகிறேன்.

பழைய பதிப்பை ஏற்றுவது என்றால் போனில் உள்ள தரவு முழுதும் அழியும். கடைக்காரர் அதைச் சொன்னார், ஆனால் போட்டோக்களைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். எங்களுக்கு வேண்டியதே அந்தத் தரவுதான். கணக்கை எடுக்க ஆப் திறக்க வேண்டும், ஆப் திறக்க ஆண்ட்ராய்டு 9 வேண்டும், ஆண்ட்ராய்டு 9 வந்தால் கணக்கு இருக்காது.

அழியாமல் போக வழியில்லையா என்று அன்று இரவும் மறுநாளும் தேடினேன். மறுநாள் ஞாயிறு. அந்த ஜூலையில் தமிழ்நாடு முழுக்க எல்லா ஞாயிற்றுக்கிழமையும் முழு ஊரடங்கு, பால் மட்டும் நடக்கும், கடை எதுவும் கிடையாது. எனக்கும் வேறு வேலை இருக்கவில்லை.

சனி மாலையே அக்காவின் போனைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்திருந்தேன். அந்த மாடலில் சிஸ்டத்துக்கு இரண்டு இடங்கள். 2016-இல் ஆண்ட்ராய்டு 7-உடன் வந்த ஏற்பாடு இது. போன் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய பதிப்பு இரண்டாவது இடத்தில் எழுதப்படும், அடுத்த தடவை போன் எழும்போது அங்கிருந்து எழும். எழ முடியாமல் போனால் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். நன்றாக எழுந்துவிட்டாலும் பழைய பதிப்பு உடனே அழிவதில்லை, அடுத்த அப்டேட் வந்து அதன் மேல் எழுதும்வரை அங்கேயே கிடக்கும். ஆக, சனிக்கிழமை அக்கா கையிலிருந்த போனுக்குள்ளேயே ஆண்ட்ராய்டு 9 இருந்திருக்க வேண்டும். எந்தக் கடையிலும் போய் வாங்க வேண்டியதில்லை. இடத்தை மாற்று என்று கட்டளை கொடுத்தேன். பூட்லோடர் (போன் எழும்போது முதலில் ஓடி சிஸ்டத்தை எழுப்பும் நிரல்) பூட்டியிருக்கிறது, முடியாது என்று பதில் வந்தது. பூட்டைத் திறக்கலாம், திறந்தால் அதுவும் எல்லாவற்றையும் அழிக்கும்.

சரி, அந்தப் பூட்டே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் வேலை ஆகியிருக்காது என்பது ஞாயிறு மத்தியானம் புரிந்தது. போனில் உள்ள தரவு பூட்டிய பெட்டி. அதன் சாவி, சிஸ்டத்தின் பதிப்போடும் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியோடும் கட்டப்பட்டிருக்கும். புதிய பதிப்பு அந்தச் சாவியைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டால், பழைய பதிப்பால் அதைப் பயன்படுத்த முடியாது. இது வேண்டுமென்றே செய்தது. போனைத் திருடியவன் ஓட்டையுள்ள பழைய பதிப்பை ஏற்றி, அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்துவிடக் கூடாது அல்லவா? சில போன்களில் இன்னும் ஒரு படி மேலே போய், சிப்புக்குள் ஓர் எண்ணை ஏற்றிவிடுகிறார்கள், அது ஏறுமே தவிர இறங்காது. அப்படிப்பட்ட போனில் பழைய பதிப்பை வலுக்கட்டாயமாக ஏற்றினால் போன் செத்தே போகலாம். இந்த மாடலில் அது இருக்கிறதா என்று அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. அக்காவின் வங்கி ஆப் வேறு அதில் இருந்தது. சர்வீஸ் கடையில், எங்கிருந்தோ இறக்கிய கோப்பை அந்தப் போனில் ஏற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை.

அதனால் முடிவு: கணக்கு வெளியே வரும்வரை பின்னோக்கிப் போவதில்லை.

சீட்டுகளைத் திரட்டியது

இதற்கிடையில் அக்கா தானாக ஒன்று செய்தார். சனி சாயங்காலம் வந்தவர்களிடம், 11-ஆம் தேதியிலிருந்து உள்ள சீட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். தொழுவத்துக் கூரையில் செருகி வைத்தது, காலண்டர் ஆணியில் குத்தி வைத்தது, தீவனப் பையில் கிடந்தது என்று வந்துகொண்டே இருந்தது. தெர்மல் சீட்டு வெயில் பட்டால் வெளுக்கும். தொழுவத்துச் சீட்டுகளில் பாதி வெறும் வெள்ளைத்தாள். ஒரு பாட்டி எல்லாச் சீட்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, தேதி வாரியாக ரப்பர் பேண்டு கட்டி எடுத்து வந்தார். பதினாலும் முழுசாக இருந்தவர்கள் 62-இல் 23 பேர். மற்றவர்களுக்கு மூன்று, ஐந்து, ஒன்பது என்று விட்டுப்போயிருந்தது.

நிறுவனத்திடம் ஒவ்வொரு வேளையும் ஏற்றிய மொத்த லிட்டர் இருந்தது. அதை வைத்துத் தோராயமாகப் பிரிக்கலாம் என்றார்கள். ஊருக்குள் தோராயம் என்றால் சண்டை. அந்த மாதங்களில் தனியாருக்கு ஊற்றும் பால் விலையும் இறங்கிக் கிடந்தது, ஒவ்வொரு ரூபாயும் கண்ணுக்குத் தெரிந்த நேரம்.

திங்கட்கிழமை, ஜூலை 20

பில் முடியும் நாள். ஆண்ட்ராய்டில் கம்ப்யூட்டர் வழியாக ஒரு ஆப்பின் தரவை மட்டும் நகலெடுக்கும் பழைய கட்டளை ஒன்று உண்டு. ஆப்பை எழுதியவர் தடை போட்டிருந்தால் அது வேலை செய்யாது. நம் ஆள் தடை போட நினைத்திருக்க மாட்டார் என்பதுதான் என் ஒரே நம்பிக்கை. லைசென்ஸுக்கு அவ்வளவு கெட்டியாகப் பூட்டுப் போட்டவர், இந்தக் கதவை ஒருக்களித்து விட்டிருந்தார்.

அமைப்பில் பதிப்பு எண்ணை ஏழு தடவை தட்டி டெவலப்பர் வசதிகளைத் திறந்து, கேபிள் மாட்டி, கட்டளை கொடுத்தேன். போன் திரையில் அனுமதி கேட்டது, அக்காவே விரலை வைத்தார். இரண்டு நிமிஷத்துக்குள் கோப்பு வந்தது. அதை விரித்துப் பார்த்தால் உள்ளே தரவுத்தளம் அப்படியே இருந்தது. 14 வேளை, 841 வரிகள். எக்செல்லில் போட்டு முதல் வரியை அக்காவிடம் காட்டினேன். அவர் வரியைப் பார்க்கவில்லை. பாட்டியின் ரப்பர் பேண்டுக் கட்டை எடுத்து, ஒவ்வொரு சீட்டாக என் திரையோடு ஒத்துப் பார்த்தார். பதினாலும் ஒத்துப்போன பிறகுதான் டீ கொடுத்தார்.

பில் அன்று இரவே போட்டோம், மூன்று நாள் கையெழுத்துக் கணக்கையும் சேர்த்து. அதில் மட்டும் இரண்டு பெருக்கல் பிழை இருந்தது.

இடைக்குறிப்பு ஒன்று: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது அதே ஜூலை 20 அன்றுதான். எங்களுக்கு அது அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் யார் மேல் புகார் சொல்வது? அப்டேட் அனுப்பிய நிறுவனம் சொன்னபடிதான் செய்தது, ஆப் எழுதியவருக்கு அப்டேட் வருவது தெரியாது, பொத்தானை அழுத்தியது அக்கா.

இரண்டாம் முடிவு

கணக்கு கைக்கு வந்துவிட்டது. இனி பழைய பதிப்பை ஏற்றினால் இழப்பு இல்லை. ஏற்றலாமா என்ற கேள்வி மறுபடி வந்தது. செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர்க்காரர் தொடர்புக்கு வந்ததால் அதற்கு அவசியம் இல்லாமல் போனது. வேறு வேலைக்குப் போய்விட்டாராம், இந்த எண்ணை எப்போதாவதுதான் போடுவாராம். ஐஎம்இஐக்குப் பதிலாக, ஆப் தானே ஒரு எண்ணை உருவாக்கிக் காட்டும், அதற்கு அவர் போனில் ஒரு சாவிச் சொல் சொல்வார் என்று மாற்றி வியாழக்கிழமை அனுப்பினார். பழையதன் மேலேயே ஏறியது, கணக்கு அப்படியே இருந்தது. அவருக்கு அது அரை மணி நேர வேலை. எங்களுக்கு ஐந்து நாள், பத்து வேளை.

பக்கத்து ஊரில் நடந்தது

அவரிடமிருந்துதான் இன்னொன்று தெரிந்தது. பக்கத்து ஊர் சென்டர் ஒன்றில் இதே ஆப், இதே மாடல் போன், அதே வாரம். அவர்கள் சனிக்கிழமையே கோபிக்குப் போய்ப் பழைய பதிப்பை ஏற்றிவிட்டார்கள். நான் பிறகு போய்ப் பார்த்தேன். போன் பிழைத்தது, ஆப் திறந்தது, லைசென்ஸும் சரி என்றது. உள்ளே ஒரு வரி இல்லை. சீட்டு இருந்தவர்களுக்குச் சீட்டுப்படி, இல்லாதவர்களுக்கு வாய்ச்சொல்படி கொடுத்து, நிறுவனம் தந்ததற்கும் கொடுத்ததற்கும் இடையிலான வித்தியாசத்தைச் சென்டர்காரர் கையிலிருந்து போட்டார்.

அதோடு முடியவில்லை. பத்து நாள் கழித்து அதே கட்டம் அவர் திரையிலும் வந்தது: ‘இன்று இரவு நிறுவு’, ‘பிறகு நினைவூட்டு’. கஷ்டப்பட்டுப் பின்னோக்கிப் போனவருக்கு அங்கேயே நிற்கும் உரிமை கிடையாது. தினமும் ‘பிறகு’ என்று அழுத்தி ஓட்டினார், புது ஆப் வரும்வரை.

திரும்பிப் போக உரிமை வேண்டுமா?

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்போதும் வேண்டும் என்றே நினைக்கிறேன், ஆனால் சர்வீஸ் கடையில் கிடைக்கிற மாதிரியான உரிமை அல்ல. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் திரும்ப முடியும் என்றால் அது திரும்புவது ஆகாது, பக்கத்து ஊர் சென்டர் அதற்குச் சாட்சி. விண்டோஸ் 10-இல் பெரிய அப்டேட் வந்தால், பத்து நாளுக்குள் கோப்புகள் அழியாமல் பழைய பதிப்புக்குத் திரும்ப ஒரு பொத்தான் கொடுத்தார்கள். போனிலும் அப்படிச் செய்ய வேண்டுமென்றால், சாவியையும் தரவையும் மாற்றும் முன் ஒரு நகல் எடுத்துச் சில நாள் வைத்திருக்க வேண்டும். அதற்கு இடம் பிடிக்கும். 32 ஜிபி போனில் அது பெரிய விலை, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த விலையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று அக்காவைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பையனின் பழைய வகுப்பு வீடியோக்களை அழித்து இடம் கொடுத்திருப்பார்.

வெளிநாட்டில் இந்தக் கேள்வி அதிகாரிகள் வரைக்கும் போயிருக்கிறது. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் போட்டது. பழைய போன்களில் புதிய அப்டேட்டைப் போடத் தூண்டினார்கள், போன் தடுமாறியது, பழைய நிலைக்குத் திரும்ப வழி தரவில்லை என்பது குற்றச்சாட்டு. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ போட்டது. அப்டேட்டால் வேகம் குறையலாம் என்று ஐபோன்காரர்களுக்குச் சொல்லவில்லை, பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாததால் பலர் பேட்டரியோ போனோ மாற்ற வேண்டியதாயிற்று என்று அங்கே சுட்டிக்காட்டினார்கள். இந்தியாவில் 2025 ஜனவரியில், ஐஓஎஸ் 18 போட்ட பிறகு போன் தடுமாறுவதாக வந்த புகார்களின் பேரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

மறுபக்கத்துக்கும் அதே 2025 ஜனவரியிலேயே உதாரணம் இருக்கிறது. கூகுள் தன் பிக்சல் 4ஏ போன்களுக்குத் தானாக ஏறும் ஒரு அப்டேட் அனுப்பியது. சில போன்களில் பேட்டரி பாதியாகத் தேய்ந்த மாதிரி ஆனது, பழைய பதிப்புகளையும் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. பயனர்கள் கொதித்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவின் திரும்பப் பெறும் அறிவிப்பில், அந்த பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து என்று வந்தது. அந்தப் போனில் ‘பின்னோக்கிப் போ’ பொத்தான் இருந்திருந்தால் அதை அழுத்தியிருப்பவர்களில் நானும் ஒருவன். அங்கே தப்பு பொத்தான் இல்லாததில் இல்லை, காரணத்தை முதல் நாளே தெளிவாகச் சொல்லாததில் இருக்கிறது.

ஆகவே என் அளவுகோல் இப்படி இருக்கிறது. உயிருக்கோ பணத்துக்கோ ஆபத்தான ஓட்டையை அடைக்கும் திருத்தம் என்றால் திரும்ப வேண்டாம், ஆனால் அது தனியாக வர வேண்டும், காரணத்தோடு. ஒன்பதைப் பத்தாக்கும் பெரிய மாற்றத்தோடு அதை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பும்போதுதான் சிக்கல். பாதுகாப்பு வேண்டும் என்பவர் மாற்றத்தையும் விழுங்க வேண்டியிருக்கிறது, மாற்றம் வேண்டாம் என்பவர் பாதுகாப்பையும் விட வேண்டியிருக்கிறது.

இப்போது என்றால் என்ன செய்வேன்

முதலில், காலை ஐந்து ஐம்பதுக்கு யார் கூப்பிட்டாலும் அழிக்கச் சொல்ல மாட்டேன். ஏதாவது ஓடவில்லை என்றால், உள்ளே வேறு எங்கும் இல்லாத தரவு இருக்கிறதா என்பதுதான் இப்போது என் முதல் கேள்வி.

தொழில் ஓடும் போனைச் சொந்தப் போனிலிருந்து பிரிக்கச் சொல்கிறேன். வங்கி ஆப் இருக்கும் போனில் அப்டேட்டை நிறுத்தி வைக்க எனக்குத் துணிவில்லை. பால் ஆப் மட்டும் உள்ள போனில் சிம் இல்லாமல், ஹாட்ஸ்பாட்டில் ஒட்டாமல், தானாக அப்டேட் ஆவதை அணைத்து வைக்கலாம். அக்கா 2021-இல் அப்படி ஒரு பழைய போன் வாங்கிக்கொண்டார்.

ஆப் எழுதுபவர்களிடம் லைசென்ஸ் பூட்டு எதன் மேல் நிற்கிறது என்று கேட்டு எழுதி வாங்குகிறேன். லைசென்ஸ் தவறினாலும் கணக்கைப் பார்க்கவும் வெளியே எடுக்கவும் முடிய வேண்டும் என்பதை நிபந்தனையாக வைக்கிறேன். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, அப்போது வேறு ஆப் பார்க்கிறோம்.

நான் சொல்லிப் பார்த்து நடக்காததும் உண்டு. தினமும் பேக்கப் எடுக்கச் சொன்னேன். பத்து நாளைக்கு ஒருமுறை, பில் போடும் இரவில், பையன் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான், அதுவும் பரீட்சை வந்தால் விட்டுப்போகும். நோட்டு மட்டும் விட்டுப்போவதில்லை. அந்த வாரத்துக்கு அப்புறம் அக்கா போனில் தட்டிய கையோடு லிட்டரையும் விலையையும் நோட்டிலும் எழுதிவிடுகிறார். இரட்டை வேலை என்று சொன்னால், எழுதுவதை நிறுத்தாமலே ஆமாம் என்பார்.